கீழ்ப் பலகையில் பெயிண்ட் அடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெயர் தெரியாத அன்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஒருவரா, இரண்டு மூன்று பேரா என்று தெரியவில்லை. அதனால் பன்மையிலேயே எழுதுகிறேன், மரியாதைக்கும் அது சரியாக இருக்கும்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. காலை ஷிஃப்டுக்குப் போக நாலே முக்கால் மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே ஊர் எல்லைப் பலகை. மேலே செக் மொழியில் ஊர் பெயர், அதற்குக் கீழே தனியாக இன்னொரு பலகையில் போலிஷில் அதே பெயர். முந்தின நாள் சாயங்காலம் நான் நடந்து வந்தபோது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. திங்கட்கிழமை காலை கீழ்ப் பலகை முழுக்கக் கறுப்பு. பெயிண்ட் இன்னும் காயவில்லை, தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. அடித்த வேகத்தில் மேல் பலகையிலும் இரண்டு சொட்டு தெறித்திருந்தது. செக் எழுத்தின் தலையில் இருக்கும் கொம்பு ஒன்று அதில் மறைந்து, உங்கள் மொழியிலும் ஒரு எழுத்துப்பிழை விழுந்திருந்தது. இருட்டில் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நான் செக் குடியரசில், போலந்து எல்லையோரத்தில் இருக்கும் செஸ்கீ த்யெஷீன் ஊரை ஒட்டிய ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த ஊர் ஓசூர். லேத்தும் மில்லிங் மெஷினுமாக அங்கே பதினோரு வருஷம், இங்கே ஆறு வருஷம். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் மொழியில் எழுதினால் சரக்கை விட்டுவிட்டு இலக்கணத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்பதுதான். செக்கில் ஏழு வேற்றுமை. தமிழில் எட்டைப் படித்தவனுக்கு ஏழு என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். விளி வேற்றுமைகூட இருக்கிறது, கூப்பிடும்போது பெயர் மாறும், நம் 'மகனே, தம்பீ' மாதிரி. அதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் ஒவ்வொரு வேற்றுமைக்கும் பெயர்ச்சொல் எத்தனை விதமாக வால் மாற்றும் என்று தெரிந்தது. ஆறு வருஷம் ஆகியும் மளிகைக் கடையில் தப்பு விடுகிறேன். போலிஷிலும் ஏழுதான். அதையும் தப்பாகத்தான் பேசுகிறேன். இரண்டையும் கலந்து பேசும்போது மட்டும் இந்த ஊரில் யாரும் என்னைத் திருத்துவதில்லை. இங்கே எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு 'போ நஷெமு' என்று பெயர். 'நம்ம மாதிரி' என்று பொருள். நம்ம பாஷை.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ பழக்கமான காட்சி மாதிரி இருந்தது. 1950-களில் தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் தார் வாளியோடு போய் இந்தி எழுத்தை அழித்தவர்களின் கதையை எங்கள் வீட்டில் பெருமையாகத்தான் சொல்வார்கள். இன்றைக்கும் அவ்வப்போது ஏதாவது ஒரு ஸ்டேஷனில் அது நடக்கிறது. ஆகவே தார் பூசுகிறவனெல்லாம் போக்கிரி என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பஸ் வரும் வரைக்கும் நின்று யோசித்தேன்: அதற்கு ஏன் எனக்குப் பெருமை, இதற்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது?

எங்கள் தார், தில்லியிலிருந்து வந்த எழுத்தின் மேல் விழுந்தது. அனுப்பியவர் பலசாலி, அழித்தவருக்கு அடி விழும், சிறைக்கும் போவார். உங்கள் பெயிண்ட் விழுந்த எழுத்தை வார்ஸா அனுப்பவில்லை. அந்தப் பலகையிலிருந்து எண்ணினால் நாலாவது வீட்டில் இருக்கும் பாட்டி தன் ஊரை அப்படித்தான் சொல்கிறார். அவருடைய அம்மாவும் அப்படித்தான் சொன்னார். ஓசூரில் நான் வளர்ந்த தெருவில் தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் நாலும் கேட்கும். எதிர் வீட்டுக்காரர் தன் கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே தெலுங்கில் ஒரு வரி எழுதியிருந்தார். அதன் மேல் யாராவது ராத்திரியில் தார் ஊற்றியிருந்தால் எங்கள் வீட்டில் அதைப் போராட்டம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எங்க அப்பா வேறு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். இங்கே எழுத முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து நகரத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். செக்கில் 'த்யெஷீன்'. போலிஷில் 'செஷின்'. ஜெர்மனில் 'டெஷன்'. கடைசி அசையைக் கவனித்தீர்களா? செக்கில் நெடில், போலிஷில் குறில். நீங்கள் சண்டை போடுவதில் பாதி இந்தக் குறில் நெடில் சண்டைதான். கதை என்னவோ ஒன்றுதான்: கி.பி. 810-இல் போல்கோ, லெஷ்கோ, செஷ்கோ என்று மூன்று அண்ணன் தம்பிகள் ரொம்ப நாள் கழித்து ஒரு ஊற்றுப் பக்கத்தில் சந்தித்து, சந்தோஷத்தில் ஓர் ஊர் கட்டினார்களாம். மகிழ்ச்சியைச் சொல்லும் வினையிலிருந்து ஊர் பெயர் வந்தது என்று அந்தக் கதை சொல்கிறது. அந்த வினை இரண்டு மொழியிலும் இருக்கிறது. புதிதாக ஒருவரைச் சந்தித்ததும் கை கொடுத்து 'த்யெஷீ ம்னியெ', அதாவது உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி என்கிறீர்களே, அதில் இருப்பதும் அதுவேதான். நான் கற்றுக்கொண்ட முதல் செக் வாக்கியமும் அதுதான். ஊர் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொருவரிடமும் அறிமுகம் ஆகிறேன் என்று ரொம்ப நாளைக்குத் தெரியாது. மூன்று சகோதரர் கிணறு இன்றைக்கும் அக்கரையில், போலந்துப் பக்கத்தில் இருக்கிறது. மேலே இரும்புக் கூடு போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள்.

அக்கரை, இக்கரை என்கிறேன். நடுவில் ஓடுவது ஓல்ஸா ஆறு. அதற்குக்கூட உங்கள் அரசு வரைபடத்தில் 'ஓல்ஷெ' என்று வேறு பெயர். ஆனால் இங்கே செக் மட்டும் பேசுகிறவர்களும் ஓல்ஸா என்றுதான் சொல்கிறார்கள். ஆற்றில் பெயிண்ட் நிற்காது, நல்லவேளை.

பெரிய ஆறு என்றும் சொல்ல முடியாது. கோடையில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும், பையன்கள் கல்லுக்குக் கல் தாவியே போலந்துக்குப் போய்விடுவார்கள். இதை எல்லைக் கோடாக ஆக்கியது 1920 ஜூலை 28. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு உடைந்த பிறகு இந்தப் பகுதி யாருக்கு என்று போலந்துக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் தகராறு. 1919 ஜனவரியில் செக் படை உள்ளே வந்தது, ஏழு நாள் சண்டை நடந்தது. மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தலாம் என்றார்கள், அது நடக்கவேயில்லை. கடைசியில் பெரிய நாடுகளின் தூதர்கள் உட்கார்ந்து ஒரு கோடு போட்டார்கள். செக்குகளுக்கு கார்வினாவின் நிலக்கரியும், பொஹுமீனிலிருந்து ஸ்லோவாகியாவின் கோஷித்செ வரை போகும் ரயில் பாதையும் வேண்டியிருந்தது. அந்தப் பாதைதான் நாட்டின் இரண்டு பாதிகளையும் கட்டி வைத்திருந்த கயிறு. அதனால் ரயில்வே ஸ்டேஷன் இருந்த மேற்குக் கரை செக்குகளுக்கு. கோட்டை மேடு, பழைய சந்தைச் சதுக்கம், கோபுரம் எல்லாம் இருந்த கிழக்குக் கரை போலந்துக்கு. போலந்தின் 20 ஸ்வோட்டி நோட்டின் பின்பக்கத்தில் வரும் வட்டமான பழைய கோயில் அந்தக் கோட்டை மேட்டில் இருப்பதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டிராம் கதை. 1911-இல் இந்தச் சின்ன ஊரில் ஒரு டிராம் ஓட ஆரம்பித்தது. ஸ்டேஷனில் ஏறினால் பாலத்தைக் கடந்து, மேடேறி, சந்தைச் சதுக்கத்தில் இறக்கிவிடும். இரண்டு கிலோமீட்டர்கூட வராது. பத்து வருஷம் ஓடியது. 1921-இல் நின்றது. நஷ்டத்தால் நின்றதா, தண்டவாளம் பழுதா என்றால், இல்லை. பாதையின் நடுவில் ஒரு நாட்டு எல்லை முளைத்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவர் அக்கரையில், ஸ்டேஷன் இக்கரையில். ஒரு ஊரை நடுவில் வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த டிராமைத்தான் சொல்வேன். இக்கரைக்கு டவுன் ஹாலே கிடையாது, 1920-களின் கடைசியில்தான் கட்டினார்கள். ஸ்டேஷனைச் சுற்றியிருந்த புறநகரை ஒரே ராத்திரியில் ஊர் என்று அறிவித்தால் அப்படித்தான்.

அன்றைக்குக் கோடு தாண்டி யாரும் இங்கே வந்து குடியேறவில்லை. கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. 'போலிஷ்காரன் போலந்துக்குப் போ' என்று ஒரு சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தேன், உங்கள் கையெழுத்தா தெரியாது. இவர்கள் போலந்திலிருந்து வரவே இல்லையே, எங்கே போவார்கள்? போலந்தில் இந்தப் பகுதிக்கு 'ஸாஓல்ஜியே' என்று பெயர். ஓல்ஸாவுக்கு அப்பால் என்று பொருள். உங்களுக்கு அந்தப் பெயரே கசக்கும் என்று தெரியும். ஒன்று சொல்லட்டுமா, எங்கள் பாட்டியும் அந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். 'அப்பாலாம்! யாருக்கு அப்பால்? நான் இங்கே இருக்கேன்' என்பார்.

எங்கள் பாட்டி என்று சொன்னது வீட்டுக்காரப் பாட்டியை. இந்தப் பக்கத்துப் பேச்சில் பாட்டிக்கு 'ஸ்டார்கா' என்று பெயர், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஸ்டார்காவுக்கு எழுபத்தெட்டு வயது. போலிஷ்காரர் என்றால் கத்தோலிக்கர் என்று ஊரெல்லாம் நினைக்கும், அவரோ லுத்தரன். இந்த மலையடிவாரத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. 1709-இல் வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசர் அனுமதி கொடுத்துக் கட்டிய பெரிய லுத்தரன் கோயில் அக்கரையில் இருக்கிறது, அவருடைய கொள்ளுத் தாத்தா காலத்து ஆட்கள் அங்கே மணிக்கணக்கில் நடந்து போய்க் கும்பிட்டவர்கள்.

குளிர்காலத்தில் ஒரு நாள் கொதிகலன் பழுதாகி, நானும் அவரும் சமையலறை அடுப்பு ஓரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து அவருடைய அம்மாவின் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளைக் காட்டினார். மூன்று அட்டைகள். முதலாவது 1938 ஜூன்: செக்கோஸ்லோவாகிய முத்திரை, பெயரின் கடைசியில் நெடில் 'ஸ்கா'. இரண்டாவது 1939 ஜூன்: போலந்துக் கழுகு, குறில் 'ஸ்க'. மூன்றாவது 1940: ஜெர்மன் கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திகா, பெயர் 'ஸ்கி' என்று ஆம்பளைப் பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பெஞ்சு என்னவோ ஒன்றுதான். மூன்றாவது அட்டையில் மட்டும் மதிப்பெண் மோசம். 'அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது, அதான்' என்றார் ஸ்டார்கா. தன் அம்மா கணக்கில் புலி என்பதையும் சேர்த்துக்கொண்டார். மூன்று அட்டையிலும் கணக்கு நல்லாத்தான் இருந்தது.

அந்த இரண்டாவது அட்டையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 1938-இல் மியூனிக்கில் உங்கள் நாட்டை ஹிட்லருக்கு அறுத்துக் கொடுத்த அதே வாரத்தில் போலந்து இறுதி எச்சரிக்கை அனுப்பியது. அக்டோபர் 2-ஆம் தேதி அவர்கள் படை பாலம் தாண்டி வந்தது. செக் பள்ளிகள் மூடப்பட்டன, செக் வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் தாத்தா அதில் ஒருவராக இருந்திருக்கலாம். அந்த வலியை நான் சின்னதாக்கவில்லை. விழுந்து கிடப்பவன் சட்டைப் பையில் கை விட்ட மாதிரியான காரியம் அது. 2009 செப்டம்பர் 1-ஆம் தேதி, இரண்டாம் உலகப் போரின் எழுபதாம் ஆண்டு நினைவு நாளில், போலந்து ஜனாதிபதி லெஹ் காச்சின்ஸ்கி அந்தப் போர் தொடங்கிய வெஸ்டர்பிளாட்டேயில் நின்று அதைத் தவறு என்று மட்டும் சொல்லவில்லை, பாவம் என்றே சொன்னார். உலகத் தலைவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாட்டின் தலைவர் வாயிலிருந்து அந்த வார்த்தை சுலபத்தில் வராது.

ஆனால் அந்தக் கணக்கை 1938-லிருந்து ஆரம்பித்தால் அவர்கள் 1919-லிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் இன்னும் பின்னால் போய், 1327-லேயே இந்தக் குறுநிலம் போஹீமிய, அதாவது செக் அரசருக்குக் கட்டுப்பட்டது என்பீர்கள். அதை ஆண்ட பிரபுக்கள் போலந்தின் பியாஸ்ட் வம்சம்தானே என்பார்கள் அவர்கள். இரண்டும் உண்மை. இப்படியே போனால் மூன்று சகோதரர் கிணற்றில்தான் போய் விழ வேண்டும்.

அப்புறம், 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் வந்ததும் இந்தத் தகராறெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஜிவோதித்செ என்று ஓர் இடம். 1944 ஆகஸ்ட் 6 காலை ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ அங்கேயும் சுற்றியிருந்த இடங்களிலும் 36 பேரைச் சுட்டுக் கொன்றது. போலிஷ்காரர்கள் கூடுதல், செக்காரர்களும் இருந்தார்கள். நினைவிடத்துக்கு ஸ்டார்காவோடு ஒரு முறை போயிருக்கிறேன். அங்கே யாரும் மேல் பலகை, கீழ்ப் பலகை பார்ப்பதில்லை.

பலகை என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. நீங்கள் மறைத்த பலகைக்குக் கீழே இன்னும் இரண்டு பலகை இருந்திருக்க வேண்டிய ஊர் இது. 1910 கணக்கெடுப்பின்போது டெஷன் நகரில் பெரும்பான்மை ஜெர்மன் பேசியவர்கள்தான். போர் முடிந்ததும் அவர்களை அனுப்பிவிட்டார்கள். யூதர்கள் இருந்தார்கள், ஊரின் தொழுகைக் கூடங்கள் சிலவற்றை 1939-இல் ஜெர்மானியர் கொளுத்தினார்கள், ஆட்களை அதற்கப்புறம் கொன்றார்கள். அக்கரையில் இரண்டு யூதக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன, மரமும் கொடியும் கல்லைப் பிளந்துகொண்டு வளர்ந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடக்கப் போகிற இடம். ஒரு மொழி ஊரை விட்டுப் போவதென்றால் எப்படி என்று அங்கே தெரியும். கல்லில் எழுத்து இருக்கும், வாசிக்கத்தான் ஊரில் ஆள் இருக்காது.

போலிஷுக்கு அந்த நிலைமை வரவில்லை. ஊரில் போலிஷ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன, உயர்நிலைப் பள்ளிக்கு யூலியூஷ் ஸ்வோவாட்ஸ்கி என்ற கவிஞரின் பெயர். நகர நாடக அரங்கத்தில் 1951 முதல் போலிஷ் நாடகக் குழு ஒன்று சம்பளத்துக்கு நடிக்கிறது, செக் குழு இன்னொரு பக்கம், இரண்டுக்கும் ஒரே மேடை. 1947-இல் ஆரம்பித்த பண்பாட்டுக் கழகம் ஒன்று கிராமத்துக்குக் கிராமம் கிளை வைத்திருக்கிறது, ஸ்டார்கா அதன் பாட்டுக் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல். போலிஷில் ஒரு செய்தித்தாள் வருகிறது. இதெல்லாம் யார் தலையையும் தடவி வாங்கியது கிடையாது. 2001-லேயே உங்கள் நாடாளுமன்றம் சிறுபான்மையினர் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2007 மார்ச்சில் ஐரோப்பாவின் சிறுபான்மை மொழிகள் சாசனம் செக் குடியரசில் நடைமுறைக்கு வந்தது. கார்வினா, ஃப்ரீடெக்-மீஸ்டெக் மாவட்டங்களில் போலிஷுக்குத் தனிப் பாதுகாப்பு தருவதாக உங்கள் அரசே கையெழுத்துப் போட்டது. ஒரு ஊராட்சியில் பத்து சதவீதம் பேராவது ஒரு சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர்கள் என்று கணக்கெடுப்பில் சொல்லியிருந்து, அவர்கள் தரப்பில் கேட்டால், இரண்டாவது பலகை வைக்கலாம். அந்தப் பலகையின் இரும்பும் பெயிண்டும் உங்கள் சட்டம்தான், போலந்துச் சட்டம் கிடையாது.

பத்து சதவீதம் என்றேனே, அதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. செக் குடியரசு முழுவதிலும் தங்களைப் போலிஷ்காரர் என்று எழுதியவர்கள் 2001-இல் 51,968 பேர். 2011-இல் 39,096. அந்த முறை நிறையப் பேர் அந்தக் கேள்வியை நிரப்பாமலே விட்டார்கள், அதனால் சரிவை முழுசாக நம்ப வேண்டாம். ஆனாலும் போக்கு தெரிகிறது. ஊருக்குள் 2001-இல் ஏறக்குறைய ஆறில் ஒருவர் போலிஷ்காரர். ஸ்டார்காவின் பேத்தி ப்ர்னோவில் வேலை பார்க்கிறாள், கல்யாணம் செக் பையனோடு, குழந்தை செக்கில் 'பாபிச்கா' என்கிறதா 'ஸ்டார்கா' என்கிறதா என்பதே போன கிறிஸ்துமஸில் பெரிய விவாதம். நீங்கள் பெயிண்ட் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். சும்மா இருந்தாலே பாதி வேலை நடக்கும். நீங்கள் கறுப்படித்த பிறகுதான் அந்தப் பேத்தி, அடுத்த கணக்கெடுப்பில் நான் போலிஷ் என்றே எழுதப் போகிறேன் என்று போனில் கத்தினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், காதால் கேட்டேன்.

உங்களுக்கு ஒருவேளை வயது குறைவாக இருக்கலாம், பாலத்தில் பாஸ்போர்ட் காட்டி வரிசையில் நின்ற காலம் தெரியாமல் இருக்கலாம். 2007 டிசம்பர் 21-ஆம் தேதி சோதனைச் சாவடி எடுக்கப்பட்டது. அதிலிருந்து நட்புப் பாலத்தில் நடந்து போகிறவன் நாடு மாறுகிறான் என்பது போனில் வரும் வரவேற்புக் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் தெரியும். சனிக்கிழமை நானும் அப்படிப் போகிறவன்தான். அக்கரையில் காய்கறியும் ரொட்டியும் வாங்கி, நின்றபடி ஒரு ஹெர்ரிங் மீன் சாண்ட்விச். அந்த ஊரின் பேர் சொல்லும் சாப்பாடு அது, கருவாட்டு வாடை கொஞ்சம் வரும், எனக்குப் பிடிக்கும். பிரின்ஸ் போலோ வேஃபர் செய்வதும் அந்த ஊரில்தான். அவர்கள் பீருக்கும் சாக்லேட்டுக்கும் இந்தப் பக்கம் வருவார்கள். பாலத்தடியில் கடை வைத்திருக்கும் வியட்நாம்காரர் மூன்று நாட்டுக் காசுக்கும் மனக்கணக்கில் சில்லறை கொடுப்பார். உங்களில் யாருமே அந்தக் கடையில் சிகரெட் வாங்கியதில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். பாலத்தின் நடுவில் கம்பி வேலி. நான் இங்கே வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. இக்கரையில் வேலை, அக்கரையில் வீடு என்று இருந்தவர்கள் எந்தப் பக்கம் படுப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். எங்கள் பட்டறையிலேயே இரண்டு பேர் வாரக்கணக்கில் ஹாஸ்டலில் தங்கினார்கள். சாயங்காலமானால் ஆற்றின் இரண்டு கரையிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள். நடுவில் தண்ணீர் சத்தம், அதனால் கத்திப் பேச வேண்டும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், அக்கரையில் ஒரு கிழவர் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து, தொப்பியைக் கழற்றி ஆட்ட ஆரம்பித்தார். போலந்துக் கரையில் ஒரு நீளத் துணியில், செக்காரா, உன் ஞாபகமாவே இருக்கு என்று எழுதி மாட்டினார்கள். இந்தக் கரையிலிருந்து பதில் துணி போயிற்று, எனக்கும்தான் என்று. ஜூனில் வேலியை எடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் நீங்களும் ஆற்றங்கரைக்கு வந்து நின்றிருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஊரில் அக்கரையில் ஒரு அத்தையோ சித்தப்பாவோ இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

இனி பலகையின் கதை. நான் அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது ஒருவர் அதன் முன்னால் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எங்கள் தெருக்கோடி வீடு, ஏழு தலைமுறைச் செக்காரர் என்று சொல்லிக்கொள்கிறவர். பக்கத்தில் தின்னர் பாட்டில், பழைய பனியன் துணி, பிளேடு. போலிஷ்காரர்கள் மேல் அவருக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. அவர்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி அரை மணி நேரம் திட்டுவார், அன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் தேய்த்தார். அப்புறம் ஏன் இந்த வேலை என்று கேட்டேன். 'முப்பத்திரண்டு வருஷம் இந்த ரூட்ல ஓட்டினேன். கிழவிங்க ஏறும்போது அந்தப் பேரைச் சொல்லித்தான் டிக்கெட் கேப்பாங்க. நான் கிழிச்சுக் கொடுப்பேன்' என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த பிளேடை என்னிடம் கொடுத்து ஓரத்தைச் சுரண்டச் சொன்னார்.

சுரண்டினேன். முதலில் வந்தது கடைசி எழுத்து. அப்புறம் நடுவில் இரண்டு. போலிஷ் எழுத்தின் வாலில் ஒட்டிய பெயிண்ட் போகவே இல்லை, இப்போதும் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். மேல் பலகையில் நீங்கள் தெறித்த சொட்டையும் அவர்தான் துடைத்தார், உங்கள் கொம்பு திரும்பி வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். பெயிண்ட் டப்பாவை நிறுத்தத்துக்குப் பின்னால் புதரில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். முக்கால் டப்பா மீதி, நல்ல கம்பெனிச் சரக்கு. ஸ்டார்கா அதை எடுத்து வந்து முயல் கூண்டுக் கதவுக்கு ஒரு கோட் அடித்துவிட்டார். போன வருஷத்திலிருந்து துருப்பிடித்துக் கிடந்த கதவு, இப்போது பளபளவென்று இருக்கிறது. இரண்டாவது கோட்டுக்கும் பெயிண்ட் போதும். பிரஷ்ஷை எங்கே போட்டீர்கள் என்று மட்டும் உங்களிடம் கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
நாலாவது வீட்டு மாடியில் குடியிருக்கும் ஓசூர்க்காரன்